இருபதுக்கு மேல் இரண்டு ஊசி

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குக்
கொண்டை ஊசி வளைவு இருபது.
நாளைக்கு நாலு நடை.
கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியே வளர்ந்தவன் நான்;
என் வலது தோளுக்கு மட்டும்
ஏற்றமும் இறக்கமும் கூட்டி
நூற்று அறுபது என்று தெரியும்.

ஆறு மாசமாய் அது ராத்திரியும் வண்டி ஓட்டியது.
புரண்டு படுத்தால் பதினோராவது வளைவு.

அஸ்தம்பட்டியில் ஹெப்சி மேடம், பிசியோதெரபி.
சுவரில் தோலுரித்த மனிதன்,
கறிக்கடைச் சிவப்பில்.
தூக்கம் கேட்கவில்லை, பசி கேட்கவில்லை.
கட்டைவிரலால் தோளைத் துழாவி
ஒரு முடிச்சின் மேல் நின்று
"இதா?" என்றார்.
அதேதான். அம்மா என்று கத்தினேன்.
டிரை நீடிலிங்காம்.
உள்ளே மருந்து கிடையாது, அதனால் உலர்ந்த ஊசி.
நனைந்தது நான்தான்.
முடிச்சுக்குள் குத்தி லேசாய் ஏற்றி இறக்க
சதை ஒருமுறை துள்ளியது
மூக்கனேரித் தூண்டிலில் ஜிலேபி மீன் மாதிரி.
"துள்ளணும். துள்ளினாத்தான் விடும்."
ரெண்டு நாள் தோளில்
யாரோ கட்டையால் அடித்துவிட்டுப் போன கனம்.

கண்டக்டர் மாதேஸ்வரன் சிரித்தான்.
"அக்குபஞ்சரைத்தான் பேர் மாத்தி விக்கிறாங்க, வாங்கண்ணே."
கிச்சிப்பாளையத்தில் ஒரு மாடி, முனவ்வர் பாய்.
அவர் தோளைத் தொடவே இல்லை.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
தூரத்து ரேடியோவுக்குக் காது கொடுப்பவர் போல
ரொம்ப நேரம் இருந்தார்.
தாகம் எப்படி? வாய் கசக்குதா?
விடியாமல் எத்தனை மணிக்கு முழிப்பு?
மூணு, என்றேன்.
ஏதோ ஒரு விடை கிடைத்தவர் போல் தலையாட்டி
முழங்காலுக்குக் கீழே ஒரே ஒரு ஊசி.
"பாய், தோள் மேலே இருக்கு."
"தெரியும். படு."
துள்ளவில்லை.
ஈரத்துணி போல ஒரு பாரம்
காலில் மெல்ல ஏறிற்று.
குறட்டை விட்டேனாம்.

ரெண்டும் ஒண்ணா என்று மேடத்திடமே கேட்டேன்.
"அவங்க சொல்ற பாதை எங்க படத்தில் இல்லை.
காலேஜில் உடம்பை அறுத்துப் பார்த்திருக்கேன்.
இருக்கிறதைத்தான் குத்துவேன்."
இதைப் பாயிடம் சொன்னேன்.
"அறுத்தப்புறம் ஓட்டம் எங்கேயிருந்து இருக்கும்?"
என்று பஞ்சைச் சுருட்டினார்.

காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்த சரோஜினி
பையிலிருந்து ரெண்டு உறையை நீட்டினாள்.
ஒரே கம்பெனி. ஒரே நீளம்.
அதே முடி கனத்து எஃகு.
"ரெண்டு பேருக்குமா காசு குடுத்தே?"

போன புதன் பதினாலாவது வளைவில்
சில்வர் ஓக் ஏற்றி வந்த லாரி
அச்சு முறிந்து குறுக்கே நின்றது.
எனக்குப் பின்னால் எட்டு வண்டி, எதிரில் எண்ணவில்லை.
கிரேன் வந்து லாரியையே கொக்கி போட்டு இழுத்தது.
அதே நேரம் கீழே அடிவாரம் செக்போஸ்ட்டில்
ஒரு கான்ஸ்டபிள் கையை நீட்டி
ஏறி வந்த வண்டிகளை நிறுத்திவிட்டார்.
முக்கால் மணி நேரத்தில் பாதை விட்டது.
கிரேன்காரர் கூலியோடு பெருமையும் வாங்கிக்கொண்டார்.
கான்ஸ்டபிள் அந்த லாரியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஸ்டியரிங்கை முழுசாய் ஒடித்தேன், பதினைந்து.
மறுபடி, பதினாறு.
பதினேழில்தான் உறைத்தது,
தோள் வாய் திறக்கவில்லை.

"எதுண்ணே கேட்டுச்சு?" என்றான் மாதேஸ்வரன்.
விசில் ஊதுடா என்றேன்.

வார ஓய்வன்று காலையில் மேடத்திடம்
உங்க ஊசிதான் என்றேன். ஃபைலில் எழுதிக்கொண்டார்.
சாயங்காலம் பாயிடமும் அதையே சொன்னேன்.
அல்ஹம்துலில்லாஹ் என்றார், எழுதவில்லை.

மூணு மணிக்கு மட்டும் முழிப்பு இன்னும் வருகிறது.
வலிக்கவில்லை.
மேலேயிருந்து கீழே வளைவுகளை எண்ணிக்கொண்டு
சும்மா கிடக்கிறேன்.